எட்டாவது முடிச்சு

விடியற்காலையில் ஒரு வலையை விரித்ததும் பாவாத்தாள் முந்தானையில் ஒரு முடிச்சுப் போடுகிறார். குளக்கரை நெடுக மூங்கில் கம்புகளுக்கு நடுவே, தட்டுத் தட்டாகத் தொங்கும் பத்துப் பறவை வலைகள். முந்தானையில் பத்து முடிச்சுகள். வெயில் ஏறியதும் வலைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கட்டி, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பார்.

போத்தனூருக்குத் தெற்கே இருக்கும் இந்தக் குளத்துக்கு மார்கழியில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. பிடித்து, எடை பார்த்து, காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறவர் சுந்தரராஜுலு. மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. நூலை விட்டுவிட்டு இறகை அளக்க வந்துவிட்டார். வலையில் சிக்கியதைச் சேதமில்லாமல் எடுப்பது பாவாத்தாளின் வேலை. முப்பது வருடம் பருத்தி எடுத்த விரல்கள். முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியில் தலை. அதுவரை அவர் மூச்சு விடுவதாகவே தெரியவில்லை.

"கையில வெச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. அதோடதா என்னோடதான்னே தெரியறதில்லீங்க" என்றார்.

இது தொண்ணூற்றாறு; இந்தப் பயத்துக்கு வயது மூன்று. தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் ஒரு வலை சுருட்டப்படாமல் நின்றுவிட்டது. மறுநாள் காலை முதலில் போய்ப் பார்த்தவர் பாவாத்தாள். பதினொரு குருவிகள் தலைகீழாகத் தொங்கின, எறும்பு மொய்த்திருந்தது.

"அய்யா சுருட்டியிருப்பாங்கன்னு நான் இருந்துபோட்டேன். நான் சுருட்டியிருப்பேன்னு அவங்க இருந்துபோட்டாங்க. அவ்வளவுதானுங்க."

அன்று தொடங்கியதுதான் முடிச்சு. அதற்குப் பிறகும் சந்தேகம் வந்து, அடுப்பில் சோறு கொதிக்க, வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்த நாட்கள் உண்டாம்.

நான் போயிருந்த அன்று பத்திரிகைக்காரன் சும்மா நிற்கக் கூடாதென்று எட்டாவது வலையை நானே சுருட்டினேன். பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. வேலை முடிந்து வேப்பமரத்தடியில் டீ குடிக்கும்போது பாவாத்தாள் முந்தானையைத் தடவிப் பார்த்தார். எட்டாவது இடத்தில் ஒரு முடிச்சு மிச்சம்.

"ஏனுங்க, எட்டாவதை யாருங்க கட்டினது?"

"நான்தான். எல்லாம் சரியாகக் கட்டிவிட்டேன்."

"ஒருக்கா பாத்துப்போட்டு வாரேனுங்க."

டீயை வைத்துவிட்டு நடந்தவர் பாதியில் ஓடத் தொடங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மேல்தட்டெல்லாம் சுருட்டியிருந்தேன். அடித்தட்டு மட்டும் புல்லோடு புல்லாகப் பிரிந்து கிடந்தது. அதில் ஒரு மஞ்சள் வாலாட்டிக் குருவி, ஒற்றைக் காலில் தலைகீழாக, அலகைப் பிளந்துகொண்டு.

பாவாத்தாள் புல்லில் மண்டியிட்டார். கால், இறக்கை, தலை. குருவியை உள்ளங்கையில் வைத்து, மறுகையால் நிழல் கொடுத்தார். அதன் கண் மூடிக்கொண்டது.

"போயிராதே கண்ணு. போயிராதே."

நான் கும்பிடாத சாமியில்லை. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கண் திறந்தது. குருவி எழுந்து, கையில் ஒரு கணம் நின்று, தண்ணீரை ஒட்டியே பறந்து போனது.

பாவாத்தாள் வலையைச் சுருட்டி நாடாவால் இறுக்கிக் கட்டினார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவர் எதற்கும் காத்திருக்கவில்லை. என் தோளில் கிடந்த துண்டின் முனையை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அதில் ஒரு முடிச்சுப் போட்டார்.