பெரிய பாதி

ஞாயிறு பள்ளி டீச்சர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, பயம் மட்டும் வாராவாரம் தவறாமல் கிடைக்கும். சபையில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற சகோதர சகோதரிகளே, மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உங்களைப் போலவே மாட்டிக்கொண்ட ஒருத்தி பேசுகிறேன்.

யானை வந்த மத்தியானம்

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் யானை வந்துவிட்டது. அப்பா அம்மா வேலைக்காட்டில். வீட்டில் நானும் மெர்சி அக்காவும்தான். வாழை மரம் மடமடவென்று முறிகிற சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருவரும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டோம். அக்காவுக்கும் பயம்தான்.

அவள் கையில் இருந்தது டப்பாவில் மிச்சமிருந்த ஒரே ஒரு பிஸ்கட். காலையிலிருந்து இருவருமே சாப்பிடவில்லை. அதை உடைத்து, பெரிய பாதியை என் வாயில் திணித்துவிட்டுச் சொன்னாள்: "மெல்லுடி. வாயில ஏதாச்சும் இருந்தா அழுக வராது."

பாசத்துக்குப் பயந்த அம்மா

இந்தக் கதையைத்தான் ஐந்து அப்பம், இரண்டு மீன் பாடத்தோடு சேர்த்து வருஷா வருஷம் சொல்வேன். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கொண்டுவந்த பலகாரத்தையெல்லாம் ஒரே தாம்பாளத்தில் கொட்டி, ஜெபம் பண்ணி, பங்கு வைத்துச் சாப்பிடுவது எங்கள் வகுப்பு வழக்கம். டேனியல் வந்து சேரும் வரைக்கும் அதில் ஒரு வம்பும் இல்லை.

டேனியலுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு பிறந்தநாள் வீட்டில் தெரியாமல் தின்று, மூச்சடைத்து, ஈப்போ ஆஸ்பத்திரி வரை போய்ப் பிழைத்தவன். முதல் நாள் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணும்னு யாரும் குடுக்க மாட்டாங்க டீச்சர். பாசமா குடுக்கறவங்கள பாத்தாதான் எனக்குப் பயம்லா."

சாராவின் பங்கு

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வீடு போன் போட்டு, கடலைப் பலகாரம் வேண்டாம் என்று பெற்றோரிடம் சொன்னேன். தாம்பாளத்தை மோந்து பார்க்காத குறைதான். ஆனால் சீனப் புத்தாண்டு வந்ததே! பக்கத்து வீட்டுச் சீனர் கொடுத்த கச்சான் பிஸ்கட், அதாவது கடலை பிஸ்கட், இல்லாத வீடு நம்மில் ஏது? பார்க்க வெறும் மாவு பிஸ்கட் மாதிரியே இருக்கும். தாம்பாளத்துக்கு வந்திருந்தால் எப்படியாவது பிடித்திருப்பேன். வகுப்பிலேயே பெரிய வாயாடி சாரா, கவுன் பைக்குள் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள்.

நான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள். "டீச்சர், டேனியலுக்குக் கச்சான் பிஸ்கட் குடுத்துட்டேன்! மெர்சி அக்கா மாதிரியே, பெரிய பாதி!"

மூடிய கை

ஜக்கு கீழே விழுந்தது. "கர்த்தாவே, கர்த்தாவே" என்பதைத் தவிர வாயில் வேறெதுவும் வரவில்லை. டேனியல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்து, வாயை இறுக்கி மூடியிருந்தான். உதடு வீங்கியிருக்கிறதா? மூச்சு வருகிறதா? அவன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? "தின்னுட்டியாடா? வாயத் தொறடா!" என்று கத்தினேன். திறந்தான். வாயில் ஒன்றுமில்லை.

வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். பிரித்துப் பார்த்தால் நசுங்கிய பிஸ்கட், உள்ளங்கை முழுக்கத் தடிப்பு. சோப்புப் போட்டுக் கழுவி, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, தடிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "கீழ போட்டிருக்கலாமேடா?" என்று கேட்டேன். விசும்பிக்கொண்டே சொன்னான்: "போட்டா சாரா அழுவா டீச்சர். அவ பெரிய பாதிய எனக்குத்தானே குடுத்தா."

மறு வாரம்

மறு வாரம் சாரா தாம்பாளத்தில் யாரையும் கை வைக்க விடவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், "இது உனக்கு ஆகுமா?" என்று கேட்டாள். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். "குடுக்கச் சொன்னீங்க, சரி. கேட்டுட்டுக் குடுக்கணும்னு சொல்லவே இல்லியே டீச்சர்!"

ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பிட்டுக் கொடுத்தபோது யாருக்கு எது ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது, அதனால் இப்போதெல்லாம் ஜெபம் பண்ணும்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறேன்.