கார்டு எடுத்துக்கொண்ட தீப்பெட்டி

பனமரத்துப்பட்டி ஏரிக்கு மேலே நிற்கும் மலையில் கோடை இடி விழுந்து காடு பற்றிக்கொண்ட வருஷத்தை எங்கள் பக்கத்தில் இடித்தீ வருஷம் என்பார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, கிணறு வெட்டியது எல்லாம் இடித்தீக்கு முன், இடித்தீக்குப் பின் என்றே பேச்சு. வெள்ளைக்காரன் காலம் அது. அந்தத் தீக்கு வேறொரு பெயர் வாங்கித்தர நான் என்னாலான முயற்சியைச் செய்தேன். நல்லவேளை, பலிக்கவில்லை.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்கள் வீட்டோடு இருந்தாள். ஆடுகள் அவள் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகாத பெண்பிள்ளையான நானும் அவள் பொறுப்பு. மலையில் ஆடுகளை மேய விட்டுவிட்டு அத்தை பாறை மறைவில் சுருட்டுப் பிடிப்பாள். அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அவள் நம்பினாள், எல்லோருக்கும் தெரியும். மான் படம் போட்ட தீப்பெட்டி எப்போதும் அவள் மடியில் இருக்கும். குச்சி தீர்ந்ததும் பெட்டி எனக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தாள். நான் பிடித்து வைத்திருந்த பொன்வண்டுக்கு அதுதான் வீடு என்று முடிவும் செய்துவிட்டேன்.

சித்திரை மாதம். ஒரு சொட்டு மழை இல்லாமல் வானம் உறுமியது. "அருச்சுனா, அருச்சுனா" என்று சொல்லிக்கொண்டே அத்தை என் காதைப் பொத்தினாள். அருச்சுனன் காதில் விழவில்லை போலும். எங்களுக்குக் கீழே சரிவில் நின்ற வேங்கை மரத்தில் இடி இறங்கி, உச்சியிலிருந்து அடிவரை பிளந்து போட்டது. சுற்றிலும் ஆளுயரக் காய்ந்த புல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீ எங்களை நோக்கி ஏறத் தொடங்கியது. காற்றும் அதன் கட்சி.

"ஓடீரலாம் அத்தை" என்று அழுதேன்.

"தீயோட ஓடி நம்மளால செயிக்க முடியாது சாமி. எங்கூடவே நில்லு."

சொல்லிவிட்டு, எங்களுக்கு மேலே இருந்த புல்லுக்கு அவளே குச்சியைக் கிழித்துத் தீ வைத்தாள்! அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். அவள் வைத்த தீ எங்களை விட்டு மேல்நோக்கி ஓடியது. அது கருக்கிவிட்டுப் போன இடத்துக்குள் ஆடுகளை விரட்டினாள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு அந்தச் சாம்பலில் ஏறினாள். குடிக்கக் கொண்டுவந்திருந்த நீச்சத்தண்ணிக் குண்டானில் முந்தானையை முக்கி என் மூக்கில் வைத்து அமுக்கினாள். கீழேயிருந்து வந்த பெரிய தீ, தின்ன அங்கே புல் இல்லாமல், எங்களுக்கு இருபுறமும் ஒதுங்கிப் போனது. அவள் உள்ளங்கால் தோல் வழன்றுவிட்டது. இன்று எனக்குப் பேரன் பேத்தி இருப்பது அந்தக் கால்களால். புளித்த கஞ்சி வாசம் வந்தால் இப்போதும் மனசுக்குள் அவளைக் கும்பிட்டுக்கொள்வேன்.

தரை ஆறி நாங்கள் இறங்கும்போது காட்டுக்குக் காவல் இருக்கும் பாரஸ்ட் கார்டு எதிரே வந்தார். அரிவாளைப் பிடுங்குவார், விறகுக் கட்டை அவிழ்த்துக் கொட்டுவார். அவரைக் கண்டால் ஆடுகூட நடையை மாற்றும்.

"ஆரு தீ வெச்சது?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க அத்தைதானுங்க வெச்சாங்க! மடியில தீப்பொட்டி இருக்குதுங்க!" எனக்கு அவ்வளவு பெருமை.

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. சுருட்டு விஷயம் வெளியாகிவிட்டதே என்ற வெட்கம் என்று நினைத்தேன். கார்டு கையை நீட்டினார். அவள் பெட்டியைக் கொடுத்தாள். அவர் அவள் கால்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே பிளந்து புகைந்துகொண்டிருந்த வேங்கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தீப்பெட்டியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது இடி உழுந்து புடிச்ச தீ. ஆரு கேட்டாலும் அதையே சொல்லோணும். தீப்பொட்டிப் பேச்சே வரப்படாது. தெரிஞ்சுதா?"

நன்றாகவே தெரிந்தது. பெட்டியைத் திருடிக்கொண்டு, வெளியே சொல்லாதே என்று மிரட்டுகிறார்.

தீ மலை முழுக்கப் பரவிப் பல நாள் எரிந்தது. ஊர் ஆண்கள் பச்சைத்தழை ஒடித்துக்கொண்டு அடிக்கப் போனார்கள். கடைசியில் மழைதான் அணைத்தது. மேலதிகாரிகள் குதிரையில் வந்தபோது கார்டு அவர்களை வேங்கை மரத்தடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அவர் சொன்ன 'இடித்தீ'யே நிலைத்தது. அதன்பின் எங்கள் வீட்டிலிருந்து அவருக்கு அவரைக்காயும் மோரும் போயின. திருடனுக்கு உபசாரம்! என் பொன்வண்டோ கொட்டாங்குச்சியில் கிடந்து செத்தது.

பெரியவளாகி, தம்பியின் புத்தகத்தில் எழுத்துக் கற்றபிறகுதான் காட்டு முகப்பில் நின்ற தகரப் பலகையைக் கூட்டிப் படித்தேன். ரிசர்வ் காட்டுக்குள் நெருப்புப்பெட்டி கொண்டுபோனாலே ஜெயில். கையால் வைத்த தீ என்று ஆகியிருந்தால் அத்தை சேலம் ஜெயிலில் இருந்திருப்பாள். மேய்ச்சலுக்கும் தடை போட்டிருப்பார்கள், ஊர் ஆடு ஒன்றுகூட அப்புறம் மலை ஏறியிருக்காது. இருந்த இரண்டு சாட்சிகளில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொன்றின் வாயை அடைத்திருக்கிறார் அந்த மனிதர். அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தபோது அவர் எங்கே இருந்தார் என்றே தெரியவில்லை.

அவர் சங்ககிரிப் பக்கம் மாற்றலாகிப் போன அன்று, திருடன் ஒழிந்தான் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அத்தை நொண்டிக்கொண்டே ஏரிக்கரை வரை போய், அவர் வண்டி மறையும் வரை கும்பிட்டு நின்றாள். எதற்குக் கும்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"அந்தத் தீப்பொட்டிக்குத்தான் சாமி" என்றாள்.

திருப்பிக் கொடுத்துவிட்டாரென்று நினைத்து, நான் கையை நீட்டினேன்.