இடது கார்ப்பரேட்டரின் ஸ்க்ரூ

மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சிலிண்டர், அவற்றுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து கொடுக்க இரண்டு கார்ப்பரேட்டர். அப்பாவின் வண்டியில் எல்லாமே ஒன்றுதான். நாகல் நகரில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் இந்தச் சண்டையிலேயே கழிந்தன.

“ஒண்ணு போதாதா மாப்ள? ரெண்டை வச்சுக்கிட்டு வாரா வாரம் பஞ்சாயத்து பண்ற” என்பார் அப்பா.

“ரெண்டு பேரு சாப்பிட ஒரே தட்டா வைப்பீங்க மச்சான்?” என்பார் மாமா, அம்மாவின் தம்பி.

பஞ்சாயத்து என்னவோ நிஜம்தான். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்காவிட்டால் வண்டி தும்மும். மாமா ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்ப்பரேட்டர் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து இரைச்சலைக் கேட்பார். பிறகு என் காதில் வைப்பார். “ஒண்ணு போல இருக்கா தாயி?” நான் பெரிய மெக்கானிக் போலத் தலையாட்டுவேன். எனக்கு இரண்டும் எப்போதும் ஒன்று போலத்தான் கேட்டன.

எனக்கு எட்டு வயதானபோது மாமாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வண்டியிலேயே போவதாக ஏற்பாடு. புறப்படும் நாள் காலையில் அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. தையல் மிஷின் பெட்டியிலிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போய் இடது கார்ப்பரேட்டரின் ஸ்க்ரூவை இரண்டு சுற்று திருகிவிட்டு வந்தேன்.

வண்டி தெருமுனைகூடத் தாண்டவில்லை. மாமா தள்ளிக்கொண்டு திரும்பினார். அப்பாவுக்கு அன்றைக்கே தீபாவளி வந்துவிட்டது. “ஒத்தக் கார்ப்பரேட்டர்னா இந்நேரம் ஒட்டன்சத்திரம் தாண்டியிருப்ப மாப்ள!”

மாமா குழாயை இடப்பக்கம் வைத்துக் கேட்டார், வலப்பக்கம் வைத்துக் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவசரமாக எதிர்வீட்டுக் கோழியைப் பார்த்தேன்.

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு இரண்டு கார்ப்பரேட்டரையும் பிரித்தார். ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் கழுவிச் செய்தித்தாளில் பரப்பினார். எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. அப்பா போகும்போதும் வரும்போதும் கேலி செய்தார். எல்லாம் பூட்டி முடிக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது.

“இனிமே எங்கிட்டுப் போக? காலையில போறேன்” என்றார் மாமா. கட்டிய புளிச்சோற்றை நானும் அவரும் படியில் உட்கார்ந்து தின்றோம். அவரை ஏமாற்றி ஒரு நாள் நிறுத்திவைத்த பெருமை எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் ஒரு தும்மல்கூட இல்லாமல் வண்டி போனது.

இப்போது அந்த வண்டி என்னிடம் இருக்கிறது. போன மாதம் அதே இடது ஸ்க்ரூ தளர்ந்து வண்டி தும்மியது. குழாயைக் காதில் வைத்தேன். எந்தப் பக்கம் கோளாறு என்று எனக்கே உடனே தெரிந்துவிட்டது. எதையும் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன்.

வாரா வாரம் இதே வேலையைச் செய்த மாமாவுக்கு அன்று ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது, அப்பாவின் கேலியையும் வாங்கிக்கொண்டு.