நீர்மட்டக் கொப்பி

எழுபதுகளின் கடைசியில், கொட்டியாரக் குடாவின் நீரோட்டத்தைக் கணக்கிட்டுத் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. வரைபடத்தில் குடாவைச் சதுரங்களாகப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் நீர் எவ்வளவு ஏறும், இறங்கும் என்று கொழும்பிலிருந்த கணனி சொல்லும். கரையுள்ள பக்கங்களில் சிக்கல் இல்லை. குடா பெருங்கடலோடு சேரும் பக்கத்தில் கரை கிடையாது. ஆனாலும் கணக்கை எங்காவது நிறுத்தியாக வேண்டும். நான் அங்கே ஒரு கோடு போட்டு, வழக்கமான வற்றுப்பெருக்கின் உயரத்தை அதற்குக் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

சரிபார்ப்பதற்காக மூதூர் இறங்குதுறையில் அளவுகோல் ஒன்று நட்டிருந்தோம். பகலில் மணிக்கொரு தடவை அதைப் பார்த்துக் கொப்பியில் எழுத, அவ்வூரைச் சேர்ந்த, கணவரை இழந்த பெண் ஒருவரை வேலைக்கு வைத்திருந்தோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

ஒரு மாரியில் மூன்று நாள் அடித்த காற்று ஓய்ந்தது. என் கணக்கில் அதன் பிறகும் இரண்டு நாட்கள் நீர் ததும்பிக்கொண்டே இருந்தது. அவருடைய கொப்பியில் மறுநாளே அடங்கிவிட்டது. லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போய்க் கேட்டேன்.

"அக்கா, மழையெண்டு வீட்டில இருந்து எழுதினனீங்களோ?"

"இல்லை சேர். குடையோட நிண்டு பாத்துத்தான் எழுதினனான். தண்ணி ஆடேல்லை."

நான் நம்பவில்லை. அந்தக் கொப்பியை நம்ப ஏலாது என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அடுத்த வாரமே அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து, வேறொரு தேவைக்காக, கணக்கில் நான் போட்டிருந்த அந்த எல்லைக் கோட்டைக் கடலுக்குள் தள்ளிப் போட்டேன். ததும்பலின் வேகம் மாறியது. நான் கோட்டை நகர்த்துவதற்கெல்லாம் உண்மைக் கடல் மாறாதே! வெளியே போக வேண்டிய அலை, கோட்டில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. அலை வெளியேற வழிவிட்டுக் கணக்கைத் திருப்பி எழுதினேன். இப்போது கணக்கிலும் காற்று ஓய்ந்த மறுநாளே நீர் அடங்கியது, கொப்பியில் இருந்தபடியே.

மூதூருக்குப் போனேன். அவர் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் நின்றபடியே நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அப்ப நான் பொய் எழுதேல்லை எண்டு விளங்கிட்டுது," என்றார் அவர்.

"ஓம் அக்கா. பிழை என்ர."

"அதை ஒரு கடிதத்தில எழுதித் தருவீங்களோ, சேர்? வேலை கேட்டுப் போற இடமெல்லாம் அந்தக் கதையைத்தான் கேக்கினம்."

தருகிறேன் என்றேன். மேலதிகாரியிடம் கேட்டபோது, இந்தக் கணக்கின் அறிக்கை போய்விட்டது, இனிக் கிளற வேண்டாம் என்றார். அவரிடம் கேட்காமலே நான் எழுதியிருக்கலாம். என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அடுத்த அறிக்கையில், எல்லையைக் கையாளும் முறை மாற்றப்பட்டது என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன். சில மாதங்களில் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். கடிதம் எழுதவே இல்லை.