டி டிரைவ் இல்லாத புதன்கிழமை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதுவும் என் கணவருடையது. தாராவியில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் பட்டறைகளுக்கு அவர் டிசைன் போட்டுக்கொடுப்பவர். பூவோ கொடியோ மயிலோ, எதுவானாலும் தையல் தையலாகப் பிரித்து மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்ற வேண்டும். அந்த சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதை விற்ற ஆள் கடையை மூடிப் பல வருடமாகிறது. அதனால் அந்தப் பெட்டியில் யாரும் எதையும் மாற்றக் கூடாது என்பது வீட்டில் சட்டம் மாதிரி.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. செம்பூரில் ஓர் அலுவலகத்தில் பதினாறு வருடம் டேட்டா என்ட்ரி பார்த்தேன். இனி இந்த வேலைக்கு ஆள் வேண்டாம் என்று ஒரே நாளில் எங்கள் ஐந்து பேரையும் அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் அலைந்தேன். நேர்முகத்துக்குப் போன இடத்திலெல்லாம் என் பக்கத்து நாற்காலியில் கல்லூரி முடித்த கையோடு வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான ஓர் இலவச ஆன்லைன் படிப்பில் சேர்ந்தேன். பாடங்களை மொபைலில் பார்த்துவிடலாம். செய்முறைத் தேர்வுக்கு மட்டும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர் வேண்டும். லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். பழைய பெட்டி திணறிப் பாதியில் நின்றுபோனது. தேர்வுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருக்கலாம், லினக்ஸும் இருக்கலாம், ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஹார்ட் டிஸ்க் சி, டி, இ என்று மூன்றாகப் பிரிந்திருந்தது. டி-யில் அவருடைய பதினோரு வருட டிசைன்கள். இ-யில் யாரும் கேட்காத பழைய பாட்டுகள். இ-யை அழித்து அங்கே லினக்ஸைப் போட்டுவிட்டால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது என்று நினைத்தேன்.

முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எங்களிடம் வேறு டிஸ்க் இல்லை. படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

புதன்கிழமை காலை அவர் கல்யாணில் ஒரு பட்டறைக்குச் சாம்பிள் பார்க்கப் போனார். அவர் படியிறங்கியதும் பென்டிரைவைச் செருகினேன். திரையில் சி, டி, இ என்று எதுவும் இல்லை. வெறும் எண்கள்தான்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூன்றாவதும் நான்காவதும் ஒரே அளவு. சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று என்று விரல்விட்டு எண்ணி மூன்றாவதை அழித்தேன். நிஜமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

லினக்ஸ் ஏறுவதைக் காட்டும் பச்சைக்கோடு பாதி நீண்டிருக்கும்போதுதான், மூன்று டிரைவுக்கு எப்படி நான்கு எண் வந்தது என்று தோன்றியது. மொபைலில் தேடினேன். விண்டோஸ் தனக்கென்று முதலில் ஒரு சின்னப் பகுதியை ஒளித்து வைத்திருக்குமாம். அப்படியானால் சி இரண்டாவது. மூன்றாவது டி.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுபடி ஆன் செய்தபோது விண்டோஸ் வழக்கம்போல வந்தது. டிசைன் சாஃப்ட்வேரும் திறந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சி இருந்தது, இ இருந்தது, பாட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. டி மட்டும் இல்லை. மூடித் திறந்தேன். திரும்பவும் மூடித் திறந்தேன். மாடியிலிருந்த பட்டறையில் எம்பிராய்டரி மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓடுவதும் அவர் போட்ட டிசைன்தான்.

கதவைப் பூட்டாமலே தொண்ணூறு அடி ரோட்டிலிருக்கும் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டார். "உஸ்கே ஊபர் குச் லிகா?" என்றார். அதன்மேல் ஏதாவது எழுதிவிட்டாயா என்று. பாதிவரை, என்றேன். தலையை ஆட்டினார். எழுதிய இடத்தில் இருந்தவை திரும்பாது, மிச்சத்தை முயன்று பார்க்கலாம், கியாரண்டி கிடையாது, ஆனால் பெட்டியை இனி ஆன் செய்யவே கூடாது, ஆன் செய்யச் செய்ய இன்னும் அழியும் என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டேன். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய பெட்டி, தானாகவே போய்விட்டது என்றால் நம்பிவிடுவார். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். நம்பினால் என்ன செய்வார்? வந்ததும் ஆன் செய்வார். ஆஃப் செய்து திரும்ப ஆன் செய்வார். மிஞ்சியிருப்பதும் அவர் கையாலேயே போகும்.

போன் செய்தேன்.

"என்னட்டி, இந்நேரத்துல?" பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது.

"கம்ப்யூட்டர்ல டி டிரைவ அழிச்சுட்டேன். இ-ன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

"எந்த டி?"

"நம்ம டிதான். டிசைன் இருக்கதுதான்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று மொபைலை எடுத்துப் பார்த்தேன். பிறகு, "ஒண்ணையும் தொடாத. நான் வாரேன்" என்றார். குரலில் கோபம் இல்லை.

அவர் வர இரண்டு மணி நேரமானது. அதுவரை நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்தவர் செருப்போடு உள்ளே வந்து, அணைந்திருந்த திரையைப் பார்த்தபடி நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த ஏன் கேக்கல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீய."

"ஆமா. சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு வயர்களைக் கழற்றிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

பெட்டி பத்து நாள் கடையில் இருந்தது. என் தேர்வு அதற்குள் வந்து போய்விட்டது. அவர் காலையில் எழுந்து, வேலை இல்லாததால், சும்மா வாசலில் நின்றார். அந்தப் பத்து நாளும் ஒரே அறையில் அவர் கண்ணில் படாமல் இருப்பது எப்படி என்பதுதான் எனக்கு வேலையாக இருந்தது.

மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. ஒன்றுக்கும் பெயர் இல்லை, எண்கள் மட்டுமே. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, "இது மாகிம் பார்ட்டி துப்பட்டா", "இது ரெட்டக் கொடி, சின்னது" என்று சொல்லச் சொல்ல நான் பெயர் அடித்தேன். பதினாறு வருட வேலையில் வந்த வேகம் அன்று உதவியது. நடுவில் சில நாள் என்னிடம் சொல்லாமலே தானே அடித்துக்கொண்டார். அப்படியான நாட்களில் நான் எதுவும் கேட்கவில்லை.

கல்யாண ரவிக்கைக் கழுத்துக்கான மயில் டிசைன் கடைசிவரை கிடைக்கவில்லை. வருடா வருடம் சீசனில் எல்லாப் பட்டறைகளும் கேட்பது அதுதான். நான்கு நாள் உட்கார்ந்து புதிதாகப் போட்டார். பழையதுபோல வரவில்லை என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு பட்டறைக்காரர்கள் அந்த இடைவெளியில் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

படிப்பின் அடுத்த பேட்ச் ஆரம்பிக்கிறது என்று மொபைலில் செய்தி வந்தபோது நான் அதை மூடிவிட்டேன். அவர் பார்த்துவிட்டார். மறுநாள் வெளியிலிருந்து ஒரு புது டிஸ்க் வாங்கி வந்தார். தன் டிசைன்களை எல்லாம் அதில் நகலெடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

"இப்ப போடு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

"வேண்டாம்ங்க."

"போடுன்னுதான சொல்லுதேன். எண்ணும்போது வாய்விட்டு எண்ணு."

எண்ணினேன். நான்காவதைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, எந்த எண் எந்த டிரைவ் என்று தன் கையால் ஒரு தாளில் எழுதிச் சரிபார்த்து, ம் என்றார். நிஜமாகவா என்று அது கேட்டபோது என் விரல் மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. அமுக்கியது அவர்தான்.