தந்தியில் போன வாழ்த்து

மெட்ராஸில் வேலை பார்த்த கணவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்ப, சங்கரன்கோவில் தபாலாபீசுக்குப் போனேன்.

"ஒவ்வொரு வாழ்த்து வாக்கியத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு. நம்பரை மட்டும் எழுதுங்கம்மா, அதுக்குரிய வாழ்த்து தானாப் போயிரும்," என்றார் குமாஸ்தா.

எல்லோருக்கும் போகும் வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. "பாப்பா 'அப்பா' என்று சொல்லிவிட்டாள். வாழ்த்துகள்" என்று சாதாரணத் தந்தியாகக் கொடுத்தேன். வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது: எங்கள் பக்கம் தந்தி என்றாலே சாவுச் செய்திதானே!

மறுநாளே கணவர் வாசலில் நின்றார். கையில் பிரிக்காத தந்தி.

"ஏட்டி, பாப்பா எங்க?"

"உள்ள தூங்கிட்டிருக்கா. முதல்ல அதைப் பிரிச்சுப் படிங்க."

படித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் உசிரே போயிட்டுல்லா!" என்றவர், பிறகு சிரித்தார். "சரி, அவ வாயால கேட்டுட்டுத்தான் ரயில் ஏறுவேன்."

இப்போதெல்லாம் முன்னதாகவே அஞ்சலட்டையில் வாழ்த்து அனுப்புகிறேன். சொந்த வார்த்தைகளை மட்டும் விடவில்லை.