சாய்த்துப் போட்ட நாற்காலி

நாற்காலியை எப்படிப் போட்டால் எதிரே இருப்பவர் மனம் திறப்பார் என்று இரண்டு வருடம் படித்த முட்டாள் நான். சிரிக்காதீர்கள், அதற்குப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். நேருக்கு நேர் போட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடுமாம். கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டுமாம். சமூகப்பணி முதுகலை வகுப்பில் நண்பன் அழுவது போல நடிப்பான். நான் முன்னால் குனிந்து, அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொல்வேன். பேராசிரியர் எனக்குக் கைதட்டச் சொன்னார். நல்லவேளை, நண்பனுக்கு நிஜமாக எந்தக் கஷ்டமும் இல்லை.

இரண்டாம் வருடம் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஊர் ஊராய்ப் போய் மக்களோடு வேலை செய்வது ஒன்று, மனிதவளம் இன்னொன்று. கல்லூரி வாசலில் நின்றால் கம்பெனி பஸ்ஸாகப் போகிற ஊர். வகுப்பே மனிதவளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படித்தான் ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் ஹெச்.ஆர். ஆனேன். அட்டெண்டன்ஸ், கேட் பாஸ், கேன்டீன் சாம்பார் பற்றிய புகார்: இதுதான் நான் செய்த சமூகப்பணி.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். லைனில் ஒயருக்கு டேப் சுற்றுகிற காண்ட்ராக்ட் தொழிலாளி, கணக்கில் பி.எட். முடித்தவள். வருஷக்கணக்கில் காத்திருந்த அரசு ஆசிரியர் தேர்வு அந்த ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு எல்லா லைனுக்கும் கட்டாய ஓவர்டைம். வராத காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் திங்கட்கிழமை கேட் திறக்காது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கடைசியில் ஒரு நிஜக் கஷ்டம்! நாற்காலியைச் சாய்த்துப் போட்டேன். குனிந்தேன்.

"ரொம்பப் பதட்டமா இருக்கீங்க, இல்லையாம்மா?"

"இல்ல சார். லீவு வேணும்."

"லீவு கெடைக்காதோன்னு ஒரு பயம்..."

"பயம்லாம் இல்ல சார். கெடைக்காதுன்னு தெரியும். அதான் உங்ககிட்ட வந்தேன்."

விடவில்லையே நான். பி.எட். பயிற்சிக்குப் போன பள்ளியில் பின்னம் புரியாத பிள்ளைகளுக்குச் சப்பாத்தியைப் பிய்த்துக் காட்டியதுவரை சொல்லவைத்தேன். அவளுடைய டீ நேரம் முழுக்க எனக்கே போனது.

பிறகு லைன் சூப்பர்வைசரிடம் போனேன்.

"இன்னா சார், ஆளே இல்லன்றேன், லீவுன்றியே? நீ உக்காந்துகினு பேசி அனுப்பு. லைனை நான் பாத்துக்கிறேன்."

கெஞ்சினேன். "சரி, காலைல வாணாம். செகண்ட் ஷிப்ட்டுக்கு வரச் சொல்லு. அதுக்கு மேல கேட்டன்னா நீயே வந்து டேப் சுத்து" என்றார்.

தேர்வு மதியமே முடிந்துவிடும். ஜெயித்துவிட்டேன்! லைனுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"சார், எனக்கு சென்டர் விழுப்புரத்துல."

அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும். அவ்வளவு நேரம் பேசினோமே. மனசில் இருந்ததையெல்லாம் கேட்டவன், தேர்வு எந்த ஊரில் என்று கேட்கவில்லை. திரும்ப சூப்பர்வைசரிடம் போனேன். அவர் ஒரு டேப் உருளையை எடுத்து என் கையில் வைத்தார். அவளுக்குப் பதிலாக நானே லைனில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்குச் சுற்றத் தெரியாது. மேனேஜரிடம் போனால் அவரோ, "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. ஹெச்.ஆருக்கு இதக்கூடச் சொல்லித் தரணுமா?" என்றார்.

ஞாயிறு அவள் காலை ஷிப்ட்டுக்கே வந்துவிட்டாள். மதியம் கேன்டீனில் எதிரே போய் உட்கார்ந்தேன். அங்கே பெஞ்சு மேசையோடு சேர்த்து வெல்டிங் செய்தது. சாய்த்துப் போட வழியில்லை. விழுப்புரத்தில் அந்நேரம் விடைத்தாளை வாங்கிக்கொண்டிருப்பார்கள். இங்கே அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த டேப் பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

"அடுத்த தேர்வுக்கு முன்கூட்டியே வந்து சொல்லுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பவும் நான் இங்கதான் இருப்பேன்றீங்களா சார்?"